பொட்டு வைத்த இருபத்துநாலாம் நம்பர்

எதிர் வீட்டு பிரபாகரன் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நீலப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும். புதிதாக ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார். சின்னச் சின்ன வேலைகளை இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளப் போகிறாராம்.

"ஏனுங்க்கா, நூத்தியெட்டு ஐட்டமுங்க. ஆன்லைன்ல ஆஃபர்ல போட்டிருந்தான். நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிப்போட்டா எனக்குத் திருப்திங்க" என்றார்.

நூற்றியெட்டு என்றதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வண்டிக்கு என்ன அர்ச்சனையா பண்ணப் போகிறார்? பெட்டியைத் திறந்தேன். அறுபது உருப்படி சுண்டு விரல் நீளத்து ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகள். நட்டின் மேல் கவிழ்த்து மாட்டுகிற சாக்கெட்டுகளில், வண்டியில் எங்கேயுமே உபயோகப்படாத குட்டிக் குட்டி சைஸ்கள் ஒரு வரிசை. பெரியதில் பார்த்தால் பத்தொன்பதோடு நின்றுவிட்டது.

"உங்க வண்டி பின் வீல் நட்டு என்ன சைஸுங்க?" என்று கேட்டேன்.

"அது தெரியலீங்களே."

"இருபத்துநாலு. இதுல அது இல்லை. திருப்பி அனுப்பிப்போடுங்க."

அவர் சிரித்தார். "ஒரே ஒரு சைஸு இல்லைங்கறதுக்கு இத்தன கோவங்களாக்கா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதாலும் அழுதுவிடுவேன் என்று பயம். அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ராஜாமணி. சத்தி ரோட்டில் கணபதி ஏரியாவைத் தாண்டி ஒரு டூ வீலர் சர்வீஸ் ஸ்டேஷனில் பத்தொன்பது வருடம் டூல் ரூம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்டோரில் ஹெல்பர். அங்கே யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. கேட்ட சாமானைத் தப்பாக எடுத்துக் கொடுத்தால் திட்டு, சரியாக எடுத்துக் கொடுத்தால் திட்டு இல்லை. அவ்வளவுதான் என் படிப்பு. ஆறு மாதத்தில் ஸ்பேனரைக் கையில் வாங்கினாலே கனத்தை வைத்து நம்பர் சொல்ல வந்துவிட்டது.

இப்போது அந்த சர்வீஸ் ஸ்டேஷனில் டூல் ரூமே இல்லையாம். ஆளுக்கொரு சக்கரம் வைத்த டிராலி கொடுத்துவிட்டார்களாம். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு டூல் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றே: முதலில் கடைக்குப் போகாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வீட்டில் நீங்கள் எதைத் தொடப் போகிறீர்கள்? செயின் தளர்ந்தால் இழுப்பீர்கள், ஆயில் மாற்றுவீர்கள், பிளக்கைக் கழற்றித் துடைப்பீர்கள், பேட்டரி முனையை இறுக்குவீர்கள், பிரேக்கைச் சரி பண்ணுவீர்கள். அந்த வேலைகளில் எந்தெந்த நட்டு வருகிறதோ அந்தந்த நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு. அப்புறம் முன் வீல், பின் வீல் நட்டு இரண்டும். ஏழெட்டு நம்பருக்கு மேல் போகாது. அந்த ஏழெட்டை நல்லதாக வாங்குங்கள். ஒரு முனை வளையமும் மறு முனை திறந்த வாயும் உள்ள ஸ்பேனர் போதும். சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் சீக்கிரம் மாட்டும், ஆனால் இறுகிப்போன நட்டில் வழுக்கி அதன் மூலையைத் தின்றுவிடும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரில் சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று. தலையில் ஆறு மூலைக் குழி உள்ள போல்ட்டுகளுக்கு ஒரு ஆலன் கீ செட்.

கடைக்குப் போகும்போது உங்கள் வண்டியின் பழைய போல்ட் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டூல் கடைகள் நிறைந்த காட்டூரில் கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். விலை குறைந்தது என்பது வேறு, விலைக்குத் தகுந்தது என்பது வேறு. இன்னொன்று டார்க் ரெஞ்ச். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துத் திருகினால், அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். விலை கையைக் கடிக்கும். அடுக்குமாடியில் நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

எதில் வைப்பது என்பதை யாருமே கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. மூடி போட்ட பெட்டியில் எது இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும், எது இல்லை என்பது திறந்தாலும் தெரியாது. பார்க்கிங் சுவரில் ஒரு ப்ளைவுட் பலகை மாட்டுங்கள். ஒவ்வொரு ஸ்பேனரையும் அதில் வைத்து, சுற்றிப் பெயிண்டால் கோடு போட்டு, ஆணி அடித்துத் தொங்க விடுங்கள். எது இல்லையோ அந்த இடம் வெறும் கோடாகப் பல்லைக் காட்டும். சுவர் இல்லாதவர்கள் மூன்றடுக்கு இரும்புப் பெட்டியில் ரப்பர் ஷீட்டை அந்தந்த உருவத்துக்கு வெட்டிப் போடலாம். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து வைத்தால் துரு அண்டாது.

எங்கள் டூல் ரூமிலும் பலகைதான். ஒரு சுவர் முழுக்கப் பலகை, மஞ்சள் கோடு. பன்னிரண்டு மெக்கானிக்குகள். ஆளுக்கு நாலு பித்தளை டோக்கன், அதில் அவரவர் நம்பர். சாதாரண ஸ்பேனர்கள் அவர்களிடமே இருக்கும். பெரிய சாக்கெட், டார்க் ரெஞ்ச், இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் புல்லர் மாதிரி முக்கியமானவை என்னிடம். டோக்கனை ஜன்னலில் நீட்டினால் சாமானைக் கொடுத்துவிட்டு, அது இருந்த ஆணியில் டோக்கனைத் தொங்க விடுவேன். சாமான் திரும்பி வந்தால் டோக்கன் போகும். ஒரு வண்டி வெளியே போக கேட் பாஸில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மெக்கானிக்கின் டோக்கன் ஏதாவது பலகையில் தொங்கினால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், கையெழுத்துக் கிடையாது. டோக்கன் இல்லை என்றால் வேலை முடிந்தது, கையெழுத்து உண்டு. இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு தப்பும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் சண்முகம் சார். பஞ்சாலை மெயின்டனன்ஸில் இருந்து வந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தால் எங்களைக் கண்ணு, அம்மணி என்று கூப்பிடுவார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். 'ஏனுங்க' என்று ஆரம்பித்தால் பன்னிரண்டு பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் மாணிக்கம் என்ற மெக்கானிக், பிரேக் ஆயில் மூடியின் ஸ்க்ரூவில் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகி அதன் தலையை நாசம் பண்ணிவிட்டான். நல்ல வேலைக்காரன், ஆனால் அவசரக்காரன். சார் வந்து நின்றார்.

"ஏனுங்க மாணிக்கமுங்க, கொஞ்சம் இக்கட்ட வாரீங்களா? இதை யாருங்க கடிச்சு வெச்சது?"

"ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிருச்சுங்க சார்."

"ஓஹோ. ஸ்க்ரூ டிரைவருக்குக் காலு இருக்குதுங்களா, வழுக்கி உழுகறதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம் அன்றைக்கு மத்தியானம் சோறு சாப்பிடவில்லை. திட்டு வாங்கியிருந்தால் தின்றிருப்பான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் லீவு என்பதால் எங்கள் பக்கத்தில் முந்தின நாளே பூஜையை முடித்துவிடுவோம். காலையிலேயே பலகையில் இருந்த அத்தனை சாமானையும் இறக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு மேலே குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் அது சாமி முன்னால் வைத்ததாகக் கணக்கு. லீவு முடிந்து கடை திறக்கிற வரைக்கும் தொடக் கூடாது. பம்ப்செட் கம்பெனியில் அப்படித்தான் பழக்கம், எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்குக்கூட அப்படித்தான்.

கதிர்வேல் என்று ஒரு கஸ்டமர். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், இங்கே ஒரு மில்லில் சூப்பர்வைசர். செயினும் பல்சக்கரமும் மாற்ற முதல்நாளே வண்டியை விட்டிருந்தார். பார்ட்ஸ் வந்து சேர்ந்ததே அன்று மத்தியானம்தான். பத்து வயது மகளைப் பள்ளிக்கூடப் பையோடு கூட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார். "பஸ்ஸுல கால் வெக்க எடமில்லீங்க. எப்படியாச்சும் முடிச்சுக் குடுத்துருங்க, பொழுதோட ஊருக்குப் போய்ச் சேரோணும்" என்று கெஞ்சினார். மாணிக்கம் இரக்கப்பட்டு அந்த வேலையை எடுத்தான்.

இரண்டரை மணி இருக்கும். மாணிக்கம் என் ஜன்னலுக்கு வந்து டோக்கனை நீட்டினான். "அக்கா, இருபத்துநாலு சாக்கெட்டும் டார்க் ரெஞ்சும் குடுங்க. பின் வீல் நட்டு ஒண்ணுதான் பாக்கி."

அப்போதுதான் அந்த இரண்டுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தேன். சந்தனம் ஈரமாகவே இருந்தது.

"பொட்டு வெச்சாச்சு, மாணிக்கம். இனி எடுக்க மாட்டேன்."

"ஒரே ஒரு நட்டுக்கா. ரெண்டு நிமிசம்."

"உன்ற பெட்டில ஒண்ணுமே இல்லியா? அதுல செஞ்சுபோட்டு அனுப்பு. சாமி முன்னால வெச்சத எடுத்துக் குடுத்து நாளைக்கு யாருக்காச்சும் ஒண்ணுன்னா நான்ல பதில் சொல்லோணும்?"

வாய்க்கு வந்தபடி சொன்னேன். அவன் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் பெட்டியில் இருந்தது மலிவு விலை செட் ஒன்று. அதில் இருபத்துநாலு இல்லை. வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்துத் திருகிப் பார்த்திருக்கிறான், அது வழுக்கியிருக்கிறது. நட்டின் மூலை போய்விடும் என்று பயந்து, கையால் திருகி நிறுத்திவிட்டான். நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஸ்ப்ளிட் பின்னையும் போடவில்லை. பூஜை முடிந்ததும் சாரிடம் கேட்டு டார்க் ரெஞ்சை வாங்கி இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். அதற்குள் கேட் முன்னால் பூசணிக்காய் உடைக்க அவனைக் கூப்பிட்டார்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

கதிர்வேல் வந்து பார்த்தார். வீல் மாட்டியிருக்கிறது, செயின் புதிதாகப் பளபளக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை. என் ஜன்னலுக்கு வந்தார். "வேலை முடிஞ்சுதுங்களா? நாங்க கெளம்பலாமுங்களா?"

நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். பலகை முழுக்க வெறும் மஞ்சள் கோடு. மாணிக்கத்தின் டோக்கன் எங்கேயும் தொங்கவில்லை. எப்படித் தொங்கும்? நான்தான் சாமானையே கொடுக்கவில்லையே! அந்த நிமிடம் அது என் புத்திக்கு எட்டவில்லை. டோக்கன் இல்லை, வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு கை பொரியும் கடலையும் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றும் சொன்னேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.

கற்பூரம் காட்டும்போது மாணிக்கம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டிகள் நிற்கிற பக்கம் திரும்பினான்.

"அக்கா, அந்த கோபிக்காரர் வண்டி எங்கீங்கக்கா?"

"போயிருச்சே. அப்பவே."

"பின் வீல் நட்டு கையில திருகுனதோட நிக்குதுக்கா" என்றான்.

மேசையைப் பார்த்தேன். டார்க் ரெஞ்ச், பக்கத்தில் இருபத்துநாலு சாக்கெட். இரண்டிலும் பொட்டு அப்படியே, கலையாமல். பின் சக்கரத்தின் அச்சைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரே நட்டு. ஓட ஓட அது கழன்றால் அச்சு நகரும், செயின் சக்கரத்தில் சிக்கும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

சண்முகம் சார் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "எத்தன நேரமாச்சுங்க?" "அரை மணிங்க சார்." "ஜாப் கார்டு எடுங்க." எடுத்தேன். வண்டி நம்பர், நிறம், போன் நம்பர் மூன்றையும் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். கதிர்வேலுக்கு விடாமல் போன் பண்ண மாணிக்கத்திடம் சொன்னார். கோபி போகிற வழியில் கோவில்பாளையத்தில் பேக்கரி வைத்திருக்கும் எங்கள் பழைய கஸ்டமரை அவரே கூப்பிட்டு, "ஏனுங்க, ஒரு உயிர் காரியமுங்க. ரோட்டுல எறங்கி நில்லுங்க, இந்த நம்பர் வண்டி வந்தாக் குறுக்க உழுந்தாச்சும் நிறுத்துங்க" என்றார். பிறகு நேராகப் பூஜை மேசைக்குப் போய் டார்க் ரெஞ்சையும் சாக்கெட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். பொட்டோடு. நான் தயங்கவில்லை. ரெண்டரை மணிக்கு இல்லாத புத்தி நாலு மணிக்கு வந்து என்ன?

சாரின் காரில் மூன்று பேரும் ஏறினோம். மாணிக்கம் முன்னால் உட்கார்ந்து போன் பண்ணிக்கொண்டே இருந்தான். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். சரவணம்பட்டி சிக்னலில் மாட்டிக்கொண்டோம். ரோடெல்லாம் வாழைக்கன்று கட்டிய லாரிகள், மாலை போட்ட ஆட்டோக்கள். தார் ரோட்டில் அங்கங்கே உடைந்த பூசணிக்காய் வழவழவென்று கிடந்தது. நல்ல வண்டியே அதில் வழுக்கும்.

குரும்பபாளையம் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு கூட்டம். நாலைந்து பேர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐயோ சாமி" என்று கத்திவிட்டேன். சார் காரை ஓரம் கட்டினார். ஒர்க் ஷாப்காரர்கள் உடைத்த பூசணிக்காயில் இருந்து சிதறிய சில்லறையைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சார் காரை மறுபடி எடுத்தார்.

கோவில்பாளையத்தில் பேக்கரிக்காரர் சொன்னபடி ரோட்டில் நின்றிருந்தார். "நான் வந்து நின்னதுல இருந்து அப்படி வண்டி எதும் போகலீங்க சார்" என்றார். அப்படியென்றால் அவர் வந்து நிற்பதற்கு முன்னாலேயே தாண்டிவிட்டது. சார் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

கணேசபுரத்தைத் தாண்டும்போது மாணிக்கம் "எடுத்துட்டாங்க!" என்றான். போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். குழந்தைக் குரல்.

"யாருங்க?"

"கண்ணு, நாங்க வண்டி சர்வீஸ் பண்ணுன எடத்துல இருந்து பேசறோம். வண்டி ஓடிட்டிருக்குதா?"

"இல்லீங்க. பின்னால ஆடுதுன்னு அப்பா நிறுத்திட்டாருங்க. போனு என்ற ஸ்கூல் பைக்குள்ள இருந்துச்சுங்க, இப்பத்தான் கேட்டுச்சு."

"எங்க நிக்கறீங்க கண்ணு?"

"தெரியலீங்க. புளியமரம் இருக்குது. அப்பா காத்தெல்லாம் சரியாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு மறுக்கா ஸ்டார்ட் பண்றாருங்க. ஏறச் சொல்றாருங்க..."

"ஏறாத கண்ணு! ஏறாத சாமி! உன்னக் கும்புடறேன், வண்டில ஏறாத!"

அலறிவிட்டேன். அழுகையும் அலறலுமாக அந்தப் பிள்ளைக்கு என்ன கேட்டதோ, போன் கட் ஆனது. திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். இத்தனை நேரம் நாங்கள் அடித்த அடிக்குத் தீராமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு சார் நாலைந்து நிமிடம் காரை விரட்டினார். அன்னூருக்கு முன்னால் வரிசையாகப் புளியமரங்கள் வருகிற இடம். முதலில் வண்டி தெரிந்தது. கதிர்வேல் அதன் மேல் உட்கார்ந்திருந்தார், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பத்தடி தள்ளி மைல் கல்லின் மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. அவர் திட்டிக்கொண்டிருந்தார். "யாரோ ஏறாதன்னு சொன்னா ஏற மாட்டியா? இருட்டறதுக்குள்ள போகோணுமா வேண்டாமா?"

சார் காரைவிட்டு இறங்கி ஓடினார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். "ஒரு நிமிசம் எறங்குங்க. மன்னிக்கோணும், தப்பு எங்களுது" என்று சொல்லிவிட்டு, பின் சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த நட்டை இரண்டு விரலால் திருப்பிக் காட்டினார். விரலுக்கே திரும்பியது. இன்னும் மூன்று புரிதான் பாக்கி இருந்தது.

கதிர்வேல் நட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இத இறுக்கறதுக்கு உங்ககிட்ட ஸ்பேனரு இல்லீங்களா?"

மாணிக்கம் முன்னால் வந்தான். "தப்பு என்ற மேலதானுங்க. நாந்தான் பொறவு பாத்துக்கலாம்னு..." என்று ஆரம்பித்தான். என்னிடம் வந்து கேட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அப்படியே பழியை வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"இருந்துதுங்க" என்றேன். "இந்தத் தம்பி வந்து கேட்டான். நான் பூஜைக்குப் பொட்டு வெச்சுட்டேன்னு குடுக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்."

அவர் என் கையில் இருந்த டார்க் ரெஞ்சைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"பொட்டு வெச்சதுக்காகங்களா?" என்றார்.

கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"ராஜாமணிங்க, நீங்களே இறுக்குங்க" என்றார் சார். வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து அதுவரை நான் எடுத்துக் கொடுத்தவள்தான், ஒரு நட்டை இறுக்கியவள் இல்லை. ரோட்டோரத்து மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மாணிக்கம் செயினின் இழுவையைப் பார்த்து அச்சை நேராக்கினான். சாக்கெட்டை மாட்டினேன். சார் அளவை வைத்துக் கொடுத்தார். இழுத்தேன். மறுபடி இழுத்தேன். 'டக்'. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். 'டக்'. ஸ்ப்ளிட் பின்னைப் போட்டு முனையை மடக்கினேன். சந்தனமும் கிரீஸும் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது.

"பாப்பாவ நான் கார்லயே கோபில கொண்டு வந்து உட்டுட்டு வாரனுங்க" என்று சார் சொன்னார். கதிர்வேல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவரே சக்கரத்தைப் பிடித்து நாலைந்து தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. "இப்ப ஏறலாம் கண்ணு" என்றேன். அதற்கப்புறம்தான் ஏறியது.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் மட்டும் பண்ணிருங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்தார். புஞ்சைப் புளியம்பட்டி ரோட்டில் அந்தப் பை தெரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும் வழியில் சார் ஒரே ஒரு தடவை பேசினார். "ஏனுங்க ராஜாமணிங்க. நீங்க பொட்டு வெச்சத நான் தப்புன்னு சொல்ல மாட்டனுங்க. வேலை முடியாம ஒரு வண்டி நிக்கயில வெச்சீங்க பாத்தீங்களா, அதான் தப்பு. அடுத்த வருசத்துல இருந்து கடைசி வண்டி போன பொறவுதான் பொட்டு. அதுவரைக்கும் ஒவ்வொரு வண்டிச் சாவியும் உங்க பலகைல தொங்கோணும். டார்க் ரெஞ்சுல இறுக்கி நீங்க கண்ணுல பாத்த பொறவு சாவியக் குடுங்க." நான் 'சரிங்க' என்று மட்டும் சொன்னேன்.

வந்து சேர்ந்தால் பூஜை பாதியில் நின்றபடியே கிடந்தது. சுண்டலை யாரும் தொடவில்லை. மற்ற பதினொரு பேரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களாகப் போன் பண்ணவும் வழியில்லை, சார்ஜ் இல்லாத போன். மணி ஐந்தரை. ஆறு. இன்னேரம் புளியம்பட்டி, இன்னேரம் நம்பியூர் என்று எனக்குள்ளேயே வழியை எண்ணிக்கொண்டிருந்தேன். நட்டைச் சரியாகத்தான் இறுக்கினேனா? பின்னின் முனையை மடக்கினேனா? மடக்கினேன், மடக்கினேன். ஆறரை. அவருக்கு இருக்கிற கோபத்துக்கு எதற்குப் போன் பண்ணப் போகிறார் என்று மாணிக்கம் சொன்னான். சொல்லிவிட்டு அவனே அழுதான்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாணிக்கத்தின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். என்னிடம் நீட்டினான். "உங்களத்தான் கேக்குதுங்க்கா" என்றான்.

"ஆன்ட்டிங்களா?" அதே குரல். "இப்பத்தான் சார்ஜ் போட்டனுங்க. அப்பா வண்டிய நிறுத்திட்டு உள்ள போயிட்டாருங்க. நான் எறங்கிட்டனுங்க ஆன்ட்டி. நீங்க இனி அழுகாதீங்க."

போனை சண்முகம் சாரிடம் கொடுத்துவிட்டு, கையில் காய்ந்திருந்த அந்தச் சந்தனத்தோடு முகத்தைப் பொத்திக்கொண்டேன்.